மேனேஜ்மென்ட் சர்வர் விழுந்த புதன்கிழமை

மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். யாரும் கேட்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவேன். அவர்களாகத் தெரிந்துகொண்டு கேட்டால் எனக்கு முகம் சுருங்கிப்போகும். நானே சொன்னால் அப்படி ஆவதில்லை. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடுவேன்: போர்ட் கிள்ளானில் ஒரு கன்டெய்னர் கிடங்கின் சர்வர் அறை பதினோரு வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது.

அந்த அறைக்கு நான் நேர்வழியில் வரவில்லை. முதலில் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில், பூதக்கண்ணாடி வழியாக சாலிடர் புள்ளிகளைப் பார்க்கும் வேலை. பிறகு இந்தக் கிடங்கின் கேட்டில் லோரி நம்பர்களை கம்ப்யூட்டரில் தட்டும் வேலை. கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகும். நின்றால் லோரிக்காரர்கள் என்னைத்தான் திட்டுவார்கள். திட்டு வாங்கப் பயந்து, அது ஏன் நிற்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். சர்வர் அறையில் இருந்த டெக்னீஷியனுக்குக் கேபிள் பிடித்துக் கொடுத்தேன், லேபிள் ஒட்டினேன், அவர் சாப்பிடப் போகும்போது போன் எடுத்தேன். அவர் சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போனபோது அவர் இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. சாவியை என்னிடம் யாரும் கொடுக்கவும் இல்லை. அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனார், நான் எடுத்துக்கொண்டேன்.

நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டு கிள்ளான் ஸ்டேஷன் வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்த்த நாள்கள் உண்டு. என் கணவர் இப்போதெல்லாம் காலையில் கேஸ் அடுப்பின் திருகைப் படம் பிடித்து என் போனுக்கு அனுப்பிவிடுகிறார், "மூடியாச்சு" என்று ஒரே சொல்லோடு. அவர் அதைக் கேலியாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் படம் வராத நாளில் எனக்கு வேலை ஓடுவதில்லை.

இப்படிப்பட்ட ஒருத்தி கையில் சர்வர் அறையைக் கொடுத்தால் என்ன ஆகும்? என்னவெல்லாம் கெட்டுப்போகலாம் என்று யோசித்துக்கொண்டே இருப்பாள். அதைத்தான் செய்தேன்.

எங்கள் அறையில் மூன்று பெரிய இயந்திரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் பதினான்கு பதினைந்து கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றன. கையால் தொட முடியாத, மென்பொருளாலேயே ஆன கம்ப்யூட்டர்கள். கேட்டில் லோரியைப் பதிவது ஒன்று, எடை மேடையைப் பார்ப்பது ஒன்று, சுங்கத்துக்குச் செய்தி அனுப்புவது ஒன்று. இவை ஒன்றோடொன்று பேச ஒரு சுவிட்ச் வேண்டும். அந்தச் சுவிட்சும் மென்பொருள்தான். மூன்று இயந்திரங்களுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச், மூன்றிலும் பரவிக் கிடக்கிறது. அதில் யாருக்கு எந்த இணைப்பு என்று முடிவு செய்வதும், எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்துக்கொள்வதும் மேனேஜ்மென்ட் சர்வர். அதுவும் அதே மூன்றில் ஒன்றுக்குள்தான் குடியிருக்கிறது.

என் பயம் அங்கே போய்ப் பிடித்துக்கொண்டது. மேலே இருந்து பார்த்துக்கொள்வது விழுந்துவிட்டால், கீழே ஓடுபவை என்ன ஆகும்? கேட் நிற்குமா?

கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. கொமூட்டர் ரயிலில் போகும்போதும் வரும்போதும் ஒரு பக்கத்தை மூன்று நாள் வைத்துப் படிப்பேன். புரியாத சொல்லைப் போனில் தேடுவேன். அதில் சொல்லியிருந்தது இதுதான்: ஒவ்வொரு இயந்திரமும் சுவிட்சின் நகல் ஒன்றைத் தன்னிடமே வைத்திருக்கிறது, மேனேஜ்மென்ட் சர்வர் இல்லாவிட்டாலும் அந்த நகலை வைத்துப் போக்குவரத்து ஓடும், புதிதாக எதையும் மாற்ற மட்டும் முடியாது. என் அப்பா கிள்ளானில் பஸ் கண்டக்டராக இருந்தவர். அதனால் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. காலையில் டிப்போவில் சார்ட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிய பஸ், டிப்போ ஆபீசைப் பூட்டிவிட்டால் நடுரோட்டில் நின்றுவிடாது. தன் ரூட்டில் ஓடும். புதிதாக ஒரு பஸ்ஸுக்கு ரூட் வேண்டுமென்றால்தான் ஆபீஸ் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

புரிந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. புத்தகம் எழுதியவர் எங்கள் கேட்டைப் பார்த்தவர் இல்லையே.

அதனால்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். யாரிடமும் கேட்காமல் செய்தேன். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகைக்குப் பாதிப் பேர் போய்விடுவார்கள், லோரிகளும் குறைவாக வரும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, நானே மேனேஜ்மென்ட் சர்வரை நிறுத்தினேன். நிறுத்திவிட்டு மாடிப்படியில் கேட்டுக்கு ஓடினேன். ஒரு லோரி வந்தது. நம்பர் பதிவானது, தடுப்புக்கட்டை மேலே போனது, லோரி உள்ளே போனது. இன்னொன்று வந்தது. அதுவும் போனது. மேலே ஓடி வந்து, பத்து நிமிடத்தில் திரும்பவும் ஏற்றிவிட்டேன். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் மாதிரி ஆளுக்கு ஒரு தடவை போதாது. இரண்டு வருடத்தில் ஆறு தடவை செய்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வியோடு போவேன். ஏற்கெனவே ஓடும் கம்ப்யூட்டர் ஒன்றை நிறுத்தி ஏற்றினால் பழைய இணைப்பு அதற்குத் திரும்பக் கிடைக்குமா? கிடைத்தது. புதிதாக ஒன்றை இணைக்கப் பார்த்தால்? மாட்டேன் என்றது. எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்தேன். வேலை நேரத்தில், அனுமதி இல்லாமல், கிடங்கு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் சர்வரை நிறுத்துவது வேலை போகிற குற்றம் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் போகுமா? அதற்கும் சேர்த்துத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

அந்தப் புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு மேனேஜ்மென்ட் சர்வர் தானாக விழுந்தது. அதன் டிஸ்க் கெட்டுப்போயிருந்தது, ஏற்றினாலும் எழவில்லை. அன்று மாலை நான்கு மணிக்கு ஒரு கப்பலுக்குக் கடைசி நேரம். நான்குக்குள் எங்கள் கேட்டைத் தாண்டித் துறைமுகத்துக்குப் போகாத பெட்டி, அடுத்த கப்பலுக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அன்று போகவேண்டிய பெட்டிகளில் குளிர்பெட்டிகளும் இருந்தன, மீனும் இறாலும் உள்ளே. கேட் ஒரு மணி நேரம் நின்றாலே வடக்குத் துறைமுகம் போகிற சாலை வரை லோரிகள் அடைத்துக்கொண்டு நிற்கும்.

திரையைப் பார்த்தேன். மூன்று இயந்திரங்களும் தொடர்பு அறுந்து சாம்பல் நிறத்தில் இருந்தன. அவற்றுக்குள் ஓடிய நாற்பது சொச்சம் கம்ப்யூட்டர்களும் சாம்பல். ஆறு தடவை பார்த்த நிறம்தான். ஆனாலும் நானாக நிறுத்தியபோது பார்த்ததும், அதுவாக விழுந்தபோது பார்த்ததும் ஒன்றில்லை.

போன் அடித்தது. பங்சாரில் இருக்கும் எங்கள் தலைமை அலுவலகத்து எஞ்சினியர். நெட்வொர்க் முழுக்க அவர் பொறுப்பு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர், பட்டம் வாங்கியவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

"அக்கா, என்ன நடக்குது அங்க? எல்லாம் போச்சு!"

"மேனேஜ்மென்ட் சர்வர் விழுந்துருச்சு சார்."

"அது மட்டும் இல்லக்கா. மூணு மெஷினும் டிஸ்கனெக்டட்னு காட்டுது. அலாமாக், நெட்வொர்க்கே போச்சு!"

"போகல சார். கேட் ஓடுது."

"எப்படி ஓடும்? சுவிட்சே அதுலதானே இருக்கு?"

"சுவிட்ச் மூணு மெஷின்லயும் இருக்கு சார். நீங்க பாக்கறதுதான் அது வழியா. வீட்டுல டிவி போச்சுன்னா ஸ்டேடியத்துல மேட்ச் நின்னுருமா?"

அவசரத்தில் அப்படிப் பேசிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அக்கா, ஜோக் அடிக்கிற நேரமில்லலா. மேனேஜர் பின்னாலேயே நிக்கிறாங்க. நான் இங்கேருந்தே மூணையும் ரீஸ்டார்ட் அடிக்கிறேன். அஞ்சு நிமிஷம், சரியாயிரும்."

பங்சாரில் இருந்தபடியே மூன்றின் மின்சாரத்தையும் அவரால் நிறுத்தி ஏற்ற முடியும். அந்த வசதியை அவருக்குச் செய்து கொடுத்தவளே நான்தான். அவர் அதை அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் எல்லாமே அணைந்துவிடும். கேட், எடை மேடை, சுங்கம், எல்லாம். எது முதலில் எழ வேண்டும், எது அதன் பிறகு என்று ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றவேண்டும். மேலே இருந்து பார்க்கும் சர்வரும் இல்லாமல் அதைச் செய்து முடிக்க மாலையாகிவிடும். அதற்குள் கப்பலுக்கான நேரம் தாண்டிவிடும்.

"சார், ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம். கேட்டுல கேக்கறேன்" என்று இன்னொரு போனில் கேட் சூப்பர்வைசரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். அவர் முன்பு லோரி ஓட்டியவர், பெரிய குரல்.

"அண்ணே, லோரி போகுதா?"

"போகுதே. ஏம்மா, நிக்கணுமா? நிக்கணும்னா முன்கூட்டியே சொல்லிரு, நான் மக்கான் சாப்பிடப் போயிட்டு வரேன்."

"நிக்க வேணாண்ணே. போகட்டும்."

பங்சார் குரல் கொஞ்சம் இறங்கியது, ஆனால் விடவில்லை. "இப்ப ஓடும்க்கா. நினைவுல இருக்கிறத வச்சு கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் ஒவ்வொண்ணா விழும். மத்தியானம் ஜாம் ஆகுற நேரத்துல விழறதுக்கு, இப்பவே அடிச்சிரலாம். விழாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? புக்குல படிச்சீங்களா?"

படித்தேன் என்று சொன்னால் அவர் அழுத்திவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் குரலில் அது இருந்தது. அவர் படிக்காததையா நான் படித்துவிட்டேன்? மூன்றாம் படிவத்துக்காரி படித்ததற்கு என்ன மதிப்பு? என்னிடம் இருந்தது ஒரே ஒரு பதில். அதைச் சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் கேட் நிற்கும்.

"நானே நிறுத்திப் பாத்திருக்கேன் சார்."

"என்னது?"

"மேனேஜ்மென்ட் சர்வர. ஆறு தடவ. கேட் ஓடுற நேரத்துல. மொத தடவ பத்து நிமிஷம், கடைசியா ஒன்றரை மணி நேரம். ஒண்ணும் விழல. ஒரு டேட்டா பாக்கெட் கூட விடல. நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

நோட்டை இழுத்து என் முன்னால் வைத்துக்கொண்டேன்.

"யார்ட்ட கேட்டுப் பண்ணீங்க?"

"யார்ட்டயும் கேக்கல."

"அக்கா... இத நான் ரிப்போர்ட்ல எழுதியாகணும். தெரியும்ல?"

"எழுதுங்க சார். ரீஸ்டார்ட் மட்டும் அடிச்சிராதீங்க."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. பின்னால் இருந்த மேனேஜரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். திரும்ப வந்து, "சரி. நான் கைய எடுத்துட்டேன். அடுத்து என்ன?" என்றார். பதினோரு வருடத்தில் ஒரு எஞ்சினியர் என்னிடம் அடுத்து என்ன என்று கேட்டது அதுதான் முதல் தடவை. பயத்துக்கு நடுவிலும் அதைக் கவனித்துக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

அடுத்து செய்யவேண்டியது இரண்டு. ஒன்று, யாரும் எதையும் தொடாமல் இருப்பது. ஓடுவதை மாற்றப் போனால்தான் சிக்கல் வரும். ஒரு தாளில் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் "தொடாதே" என்று எழுதி அறைக் கதவில் ஒட்டினேன். இரண்டு, முந்தின நாள் எடுத்துவைத்த பிரதியிலிருந்து மேனேஜ்மென்ட் சர்வரைப் புதிதாக எழுப்புவது. பிரதியை இறக்க ஒன்றரை மணி நேரம் காட்டியது. இறங்கட்டும் என்று விட்டேன்.

ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியுமா? மூன்றில் ஒரு இயந்திரம் இந்த நேரம் பார்த்து நின்றால் என்ன ஆகும் என்று நினைப்பு போனது. நின்றால் மற்ற இரண்டும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டபடி அதன் வேலையை ஏற்றுக்கொள்ளும் என்று கையேடு சொன்னது. அதை நான் சோதித்துப் பார்த்ததில்லை. அன்று சோதிக்க ஆசையும் இல்லை. கேட்டுக்கு இறங்கிப் போனேன். வெயிலில் லோரிகள் வரிசையாக நின்றன. வழக்கமான வரிசைதான். ஆனாலும் ஒவ்வொன்றாக எண்ணினேன். முன்னால் இருந்த டிரைவர் கண்ணாடியை இறக்கினார்.

"அண்ணே, இன்னைக்கு கேட் எப்படி இருக்கு?" என்றேன்.

"எப்படி இருக்கும்? எப்பவும் மாதிரிதான், ஆமை. நீங்க ஆபீசா? அந்த டாய்லெட்டுக்கு ஒரு பல்பு மாட்டச் சொல்லுங்களேன். எத்தன மாசமா சொல்றோம்."

"சொல்றேண்ணே."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க."

தடுப்புக்கட்டை மேலே போனது. அவர் கியரைப் போட்டு உள்ளே போனார். எப்பவும் மாதிரி என்று அவர் சொன்னதை நான் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே படி ஏறினேன்.

பதினொன்றரைக்குப் பிரதி இறங்கி முடிந்தது. ஏற்றினேன். எழுந்தது. ஆனால் அதற்கு நெட்வொர்க் இல்லை. இணைப்புக் கொடுக்கப் போனால் இயந்திரம் மறுத்தது. புதிதாக வந்த கம்ப்யூட்டர், அதற்கு இணைப்பு ஒதுக்க வேண்டியது மேனேஜ்மென்ட் சர்வர். ஆனால் வந்திருப்பதே மேனேஜ்மென்ட் சர்வர்தான். தனக்குத்தானே ஒதுக்கிக்கொள்ள முதலில் அது நெட்வொர்க்கில் இருக்க வேண்டும்.

பங்சாரில் அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "டிப்போ ஆபீசர் டிப்போவுக்கு வர பஸ் இல்லாம நிக்கிற கதையா போச்சு" என்று நான் சொன்னேன். அவருக்கு அது புரிந்ததா தெரியவில்லை.

"ஒரு வழி இருக்குக்கா. ஒரு மெஷின்ல ரெண்டு கேபிள் இருக்குல்ல? ஒண்ண சுவிட்ச்லேருந்து கழட்டி, தனியா ஒரு சாதா சுவிட்ச் போட்டு இத அதுல மாட்டிரலாம்."

"எந்த மெஷின்ல சார்?"

"இது இருக்கிற மெஷின்லதான். ரெண்டாவது."

"கேட்டோட டேட்டாபேஸ் அதுலதான் சார் ஓடுது. கை தவறி மத்த கேபிள எடுத்துட்டோம்னா?"

"தவறாது."

"தவறாதுதான் சார். ஆனா அது வேணாம். தாக்குட் இருக்கு."

"எது இருக்கு?"

"தாக்குட். நீங்க வச்ச பேருதான்."

அவர் மறந்துபோயிருந்தார். என் நான்காவது சோதனைக்குப் பிறகு இந்தச் சிக்கல் எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குக் கையேட்டில் ஒரு வழியும் இருந்தது: யாரும் ஒதுக்கித் தராமலேயே, இயந்திரமே நேராக இணைத்துக்கொள்ளக்கூடிய ஒரு தனி வாசலைச் சுவிட்சில் முன்கூட்டியே திறந்து வைப்பது. நல்ல நாளில் அதை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். மாதாந்திரக் கூட்டத்தில் திரை வழியாக நான் அதைக் கேட்டபோது, "அக்கா, எல்லாத்துக்கும் பயந்தா எப்படி? இதுக்கெல்லாம் சான்ஸே இல்லலா" என்று அவர் சிரித்தார். கூட்டத்தில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். சரி, அக்கா நிம்மதியாகத் தூங்கட்டும் என்று சொல்லி அதை உருவாக்கினார். பெயர் கேட்ட கட்டத்தில் மலாய் மொழியில் பயம் என்று பொருள்படும் தாக்குட் என்ற சொல்லை அடித்தார். இன்னொரு தடவை சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, கூட்டம் முடிந்ததும் அது நிஜமாகவே இருக்கிறதா என்று மூன்று இயந்திரங்களிலும் போய்ப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது இயந்திரத்தில் நேரடியாக நுழைந்து, புது மேனேஜ்மென்ட் சர்வரை அந்த வாசலில் இணைத்தேன். மறுப்பு வரவில்லை. நாங்கள் இருவரும் காத்திருந்தோம். ஐந்து நிமிடம் இருக்கும், எனக்கு அரைநாளாகத் தெரிந்தது. உள்நுழையும் பக்கம் திறந்தது. மூன்று இயந்திரங்களும் சாம்பலாகவே இருந்தன. பிறகு முதலாவது சாம்பல் நீங்கித் தெளிந்தது, மூன்றாவது தெளிந்தது, கடைசியாக இரண்டாவது. உள்ளே இருந்த நாற்பதும் ஒவ்வொன்றாகப் பச்சை விளக்கோடு திரும்பின. எதுவும் இடையில் அணைந்ததில்லை. ஓடிய நாள்கணக்கு எல்லாவற்றிலும் அப்படியே தொடர்ந்திருந்தது. அதை அவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார், நான் தடுக்கவில்லை. நானாக இருந்தாலும் பார்த்திருப்பேன்.

"ஒண்ணு கூட விழலக்கா" என்றார்.

"ஆமா சார்."

மூன்றரைக்குக் கேட் சூப்பர்வைசர் போன் செய்தார். "கடைசிக் குளிர்பெட்டியும் போயிருச்சும்மா. காலைல எதுக்கு லோரி போகுதான்னு கேட்ட? ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கற ஆளா நீ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று வீட்டுக்குப் போய் நான் அழுதேன். ஏன் அழுகிறேன் என்று கணவருக்குப் புரியவில்லை. கேட் நிற்கவில்லை என்று சொன்னேன். "நிக்கலன்னா சந்தோஷப்படணும்" என்றார். சந்தோஷம்தான் என்றேன். வேலை போகப்போகிறது என்பதையும் சொன்னேன். அவர் சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்தார்.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். கொமூட்டரில் கே.எல். சென்ட்ரல் வந்து, நேரம் இருந்ததால் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் உட்கார்ந்தேன். தோசை வந்தது. தொட முடியவில்லை. கைப்பையில் நோட்டு இருக்கிறதா என்று நான்கு தடவை பார்த்தேன். பிறகு பங்சாருக்கு டாக்சி பிடித்தேன்.

மேனேஜர் ஒரு சீனப் பெண்மணி. எஞ்சினியரும் இருந்தார். மேசையில் அவர் எழுதிய ரிப்போர்ட் இருந்தது. மேனேஜர் அதை என் பக்கம் திருப்பி, படிக்கச் சொன்னார். நான் மெதுவாகத்தான் ஆங்கிலம் படிப்பேன், அவர் காத்திருந்தார். நான் செய்த ஆறு சோதனைகளும் அதில் இருந்தன, அனுமதி இல்லாமல் என்பதும் இருந்தது. ஆனால் அது இரண்டாம் பக்கத்தில். முதல் பக்கத்தின் முதல் வரியில் எஞ்சினியர் எழுதியிருந்தது வேறு: மூன்று இயந்திரங்களையும் மறுதொடக்கம் செய்யத் தான் முடிவெடுத்ததாகவும், அது தவறான முடிவு என்றும், கிடங்கில் இருப்பவர் தடுத்ததால் கேட் நிற்கவில்லை என்றும். நான் அவரைப் பார்த்தேன். அவர் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் என் நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். தமிழும் ஆங்கிலமும் கலந்து கிறுக்கியதை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மணியும் நிமிடமும், லோரி நம்பர்களும், எதை நிறுத்தினேன் எது நிற்கவில்லை என்பதும் தெரிந்திருக்கும். மூடி வைத்துவிட்டு இரண்டு தாள்களைத் தந்தார். ஒன்று எச்சரிக்கைக் கடிதம், அனுமதியில்லாமல் செய்ததற்கு. கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இன்னொன்று ஒரு அட்டவணை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை மதியம், மேனேஜ்மென்ட் சர்வரை வேண்டுமென்றே நிறுத்திச் சோதிப்பது. பொறுப்பாளர் என்ற கட்டத்தில் என் பதவி. உதவி என்ற கட்டத்தில் எஞ்சினியரின் பதவி.

இரண்டு தாளையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கடிதத்தைக் கிழித்துப் போடச் சொன்னார் கணவர். மாட்டேன் என்றேன். கடிதம் இருந்தால்தான் அட்டவணை எதற்கு வந்தது என்று தெரியும்.

அனுமதியோடு நடந்த முதல் சோதனைக்கு எஞ்சினியர் போர்ட் கிள்ளானுக்கு நேரில் வந்தார். அறையின் குளிருக்கு என் ஸ்வெட்டரைக் கொடுத்தேன். அதன் கை அவருக்குக் கொஞ்சம் குட்டை. சூப்பர்வைசர் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். அவர் கேட்டில் காத்துக்கொண்டிருந்தார். தொழுகைக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வெளியே போய், வளாகம் அமைதியானது. நாற்காலியில் எஞ்சினியரை உட்கார வைத்து, நான் பின்னால் நின்றேன். நிறுத்தட்டுமா என்று திரை கேட்டது. அவர் விரல் மௌஸில் அப்படியே நின்றது.

"அக்கா, இத நீங்க தனியா பண்ணீங்களா? ஆறு தடவ?"

"ஆமா சார்."

"பயமா இல்ல?"

"இப்பவும் பயமாத்தான் இருக்கு" என்றேன். "அமுக்குங்க."